மூன்று கை உப்பு

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி தேங்காய்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவளுக்கு டைரி எதற்கு என்று அரிசிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தேன். இன்று எடுத்துத் துடைத்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், காரணம் என் நாத்தனார் உலகம்மா.

நாங்கள் வீரவநல்லூர் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் சமையல் கூட்டத்தில் வேலை செய்கிறோம். பெண்கள் எட்டுப் பேர், ஆண் என்று அண்ணாச்சி ஒருவர். நறுக்குவது, அரைப்பது, கிண்டுவது, வடிப்பது எல்லாம் நாங்கள். உப்பு மட்டும் அவர். அதற்கென்று பலாமரத்தில் குடைந்த ஒரு மரவை வைத்திருக்கிறார். அதில் கல்லுப்பு இருக்கும். அவர் கையைத் தவிர வேறு கை அதற்குள் போகக் கூடாது. ஒரு அண்டாவுக்கு எத்தனை பிடி போட்டாலும் ஒரே ஆளின் கைதான் உப்புப் போட வேண்டும் என்பது அவர் சட்டம். பிள்ளையாருக்கு முதல் இலை வைக்கும்வரை யாரும் ருசி பார்க்கவும் கூடாது. ஆக, உப்புப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிற மாதிரி. சரியாக விழுந்தால் நீச்சல்.

இன்று அண்ணாச்சி அந்த மரவையை உலகுவிடம் நீட்டினார்.

"உலகம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம வளைகாப்புக்கு நீ போடு. எழுபது பேருதான்."

உலகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, வாங்கு. அவரு கை நோவுது. மரவைதானே, பச்சப்புள்ளையா, மடியில ஒண்ணுக்குப் போயிரும்னு பயப்படுத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடம் காய் நறுக்கியவள். என் கண்ணில் என்னவோ விழுந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிய இடம் அல்லவா.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே மரவையை அண்ணாச்சி என்னிடமும் நீட்டினார். அன்றைக்கென்று பார்த்து எனக்கு வயிற்று வலி. வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துவிட்டேன். "மரவையைப் பாத்ததும் எனக்கு இடுப்பு வலியே கண்டுட்டு" என்று இதை வைத்துப் பல கல்யாண வீட்டில் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஜனவரி 21, செவ்வாய்

உலகு வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலையில் அந்தப் பக்கம் முணுமுணுப்பு. ஏதோ சுலோகம் படிக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நூறு பேருக்குப் பருப்பு இவ்வளவு, இருநூறுன்னா இவ்வளவு, முந்நூறுக்குச் சொதின்னா தேங்கா நூறு" என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன நாளாட்டி இந்தப் பாராயணம்?"

பயந்து போய்க் கிண்ணத்தைக் கீழே போட்டாள். "ரொம்ப நாளா மைனி" என்றாள். அப்புறம், "கல்யாணம் ஆன புதுசுல இருந்தே" என்றாள்.

பலசரக்குக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கல்லுப்பு மூட்டையில் கையை விட்டு ஒரு கை அள்ளித் தராசில் போட்டு நிறுக்கச் சொன்னாள். பிறகு மறுபடி அள்ளினாள். ஏழு தடவை. ஏழு தடவையும் தராசில் அதே எண். கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார், எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று. நான் அள்ளினேன். மூன்று தடவையும் மூன்று விதம்.

"இது கையா, படியாட்டி?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் வரும் வழியெல்லாம் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரலெல்லாம் அரிவாள்மனை வெட்டு, உள்ளங்கையில் கரண்டிக் காய்ப்பு. அதற்குள் ஒரு தராசு இருக்கிறது.

ஜனவரி 23, வியாழன்

"மைனி, கூடிப்போச்சுன்னா?" என்று இன்று பதினொரு தடவை கேட்டாள். பதினோராவது தடவை, "கூடுனா தாமிரபரணிதான் பக்கத்துல ஓடுதே, வந்தவுகள எல்லாம் வரிசையாக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றேன்.

ஜனவரி 26, ஞாயிறு

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. கையை நான்கு தடவை கழுவியாயிற்று. படுக்கப் போகிறேன்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று முழுசாக எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

வளைகாப்பு வீட்டுக் கொல்லையில் அடுப்பு. அண்ணாச்சி ஓரமாக நாற்காலி போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நான் பாக்க மாட்டேன். பாத்தா அவளுக்குக் கை நடுங்கும்" என்றார். உலகு சாம்பார் அண்டா முன்னால் மரவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு மரவையைத் திண்டில் வைத்துவிட்டுக் கொத்தமல்லி அலசப் போனாள். நான் அப்போது கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலைதான் உருவிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார் இலை வைத்து, பந்தி போட்டு, முதல் கரண்டி சாம்பார் ஊற்றியாயிற்று. ஒரு பெரியவர் ஒரு வாய் வைத்தார். இலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"ஏம்மா, தூத்துக்குடிக்கே போயிக் கடல்ல மோந்துட்டு வந்தியளா?"

பந்தி நின்றது. அண்ணாச்சி எழுந்து வந்து, இருந்த பருப்பையெல்லாம் வேகப் போட்டு, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, சாம்பாரை இரண்டு அண்டாவாக்கினார். முக்கால் மணி நேரம். வளைகாப்புக்காரப் பெண் பசியோடு உட்கார்ந்திருந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு.

உலகு மரவையைக் கொண்டுபோய் அண்ணாச்சி காலடியில் வைத்தாள். வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"மூணு கை போட்டேன் மைனி. போட்டது நல்லா நினைவிருக்கு. அப்ப ரெண்டாவது தடவ எப்பப் போட்டேன்? அது எனக்கு நினைவே இல்லயே. எனக்குப் புத்தி பெரண்டு போச்சோ?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆட்டோ சத்தம் வேறு.

ஜனவரி 30, வியாழன்

உலகு கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போகிறாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறாள். மறுபடி போகிறாள், மறுபடி வருகிறாள். இன்று ஐந்து தடவை. பூட்டு கழன்று அவள் கையோடு போனாலும் நம்ப மாட்டாள் போல.

அவள் வீட்டுச் சோற்றுக்குக்கூட அவள் உப்புப் போடுவதில்லை. எல்லாவற்றையும் சப்பென்று வைத்துவிட்டு, தட்டு ஓரத்தில் உப்பைக் கொட்டி வைக்கிறாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், நேற்று அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னார்.

"எந்தங்கச்சி வச்ச கொழம்பா அது? ஆசுபத்திரிக் கஞ்சி மாதிரி இருக்கு. நீ அவகிட்ட ஏதும் சொல்லிக் கேலி பண்ணுனியா?"

"நான் என்ன பண்ணுனேன்?" என்று எகிறினேன். அவர் பயந்துபோய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பாவம், சும்மா கேட்ட மனுஷன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பத்தாம் தேதி அவருக்கு இரண்டு இடத்தில் வேலை. ஒன்று சேரன்மகாதேவியில் கல்யாணம். இன்னொன்று அம்பாசமுத்திரத்தில் மறுவீட்டு விருந்து, முந்நூறு பேர், தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதிச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குப் போடும் விருந்து அது. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சாப்பாட்டை மறந்தாலும் மறப்பார்கள், சொதியை மறக்க மாட்டார்கள். சொதி திரிந்தால் சம்பந்தமே திரிந்தது என்பார்கள்.

"உலகம்மா, சொதிக்கு நீ போற. நான் வெளியாளுகள வச்சுக் கல்யாணத்தப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

உலகு தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கையை எனக்கே நம்பிக்கையில்ல அண்ணாச்சி" என்றாள்.

"அப்ப புதன்கெழம அவுகளுக்குச் சொல்லிருதேன். திருநெல்வேலியில இருந்து கேட்டரிங்காரன வச்சுக்கிடட்டும். ஒரு விருந்து அவன் கைக்குப் போச்சுன்னா அந்தத் தெருவே போன மாதிரி. அதுவும் சரிதான், எனக்கும் வயசாச்சு. எனக்கப்புறம் மரவையத் தூக்க ஆளில்லன்னா கூட்டத்தைக் கலைச்சிர வேண்டியதுதான்."

உலகு அழுதுகொண்டே அவள் வீட்டுக்குப் போனாள். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"எழுபது பேரு சாம்பாருக்கு மூணு கை. அன்னைக்கு அண்டாவுல ஆறு கை இருந்துச்சு. பயந்து போயி ரெண்டாந்தரம் போடுதவ ஒண்ணு போடுவா, இல்ல ரெண்டு போடுவா. எண்ணி மூணு போட மாட்டா. என்ன முப்பிடாதி?"

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி, நான் அஞ்சாங் கிளாசு" என்றேன்.

"ம். வயித்து வலி எப்படி இருக்கு?" என்றார்.

எனக்கு எங்கே வயிற்று வலி? ஒன்பது வருடத்துக்கு முந்தியதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார் மனுஷன்.

பிப்ரவரி 3, திங்கள்

வயிற்று வலி. வெளியே போகவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். அரிசிப் பானைக்கு மூடியாக இருந்த டைரிதானே, கிழித்து அடுப்பில் போட்டாலும் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் இன்று உலகுவிடமே சொல்லியாயிற்று. டைரியிடம் சொல்ல என்ன வெட்கம்.

காலையில் கால்வாயில் அவள் துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லில் நானும் துணியை வைத்தேன். ஒரு போர்வையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அடித்தேன்.

"மைனி, போதும். அது போர்வை, திருடன் இல்ல" என்றாள். ஒன்பது நாளில் அவள் பேசிய முதல் கேலி. அதுதான் என்னைக் கவிழ்த்துவிட்டது.

"ஏட்டி, அன்னைக்கு ரெண்டாந்தரம் உப்புப் போட்டது நான்" என்றேன்.

அவள் கை நின்றது.

"நீ மரவைய வச்சுட்டு மல்லி அலசப் போன. நீ போட்டத நான் பாக்கல, போட்டிருக்க மாட்டன்னு நினைச்சேன். பயந்துபோயி அப்படியே வச்சுட்டுப் போறன்னு நினைச்சேன். ஒன் மானம் போயிரக் கூடாதேன்னு யாருக்கும் தெரியாம நான் போட்டேன்."

"எத்தன கை?"

"மூணு. நீ தெனமும் ஒப்பிச்சதக் கேட்டுத்தான்."

உலகு விரலை மடக்கினாள். மூன்று, பிறகு இன்னொரு மூன்று. "அப்ப நான் போட்டது மூணுதான்" என்றாள். "எனக்குப் புத்தி பெரளல. நான் சரியாத்தான் போட்டிருக்கேன்." தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, முகமெல்லாம் தண்ணீர்.

பிறகு எழுந்தாள். "ஒம்பது நாளு. ஒம்பது நாளா என் மண்டையை நானே சோதிச்சிட்டு இருக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து நீங்க பாத்துக்கிட்டே இருந்தியளா மைனி?"

துணியைப் பிழியாமலே வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு இல்லை. நேராக அண்ணாச்சி வீட்டுக்கு. ஈரச் சேலையோடு தெரு வழியே, தண்ணீர்க் கோடு போட்டபடி.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவள் போட்டிருப்பாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் போட்டிருக்க மாட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எனக்கு வயிறு வலிக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

உலகு என்னோடு பேசுவதில்லை. நான் சுவர்ப் பக்கம் நின்று, "சில பேருக்கு வாயில கரையான் புத்து வச்சிட்டு" என்று காற்றிடம் சொன்னேன். அந்தப் பக்கம் அம்மிக் குழவி வேகமாக ஓடியது. இஞ்சியும் பச்சைமிளகாயும் வாசனை வந்தது. சொதிக்கு அரைத்துப் பார்க்கிறாள். விருந்துக்குத் தானே போவதாகச் செவ்வாயன்றே அண்ணாச்சியிடம் சொல்லி மரவையை வாங்கி வந்துவிட்டாளாம்.

இன்று கதவை ஒரே தடவை பூட்டிவிட்டுப் போனாள். நான் எண்ணினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காலை ஐந்து மணிக்கெல்லாம் அம்பாசமுத்திரம் மண்டபத்தில் இறங்கிவிட்டோம். உலகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரார் எங்கே என்று சொல்லிக்கொண்டே போனாள். சத்தமே போடவில்லை. அண்ணாச்சி என்றால் நாலு தெருவுக்குக் கேட்கும். என்னிடம் வந்ததும் நின்றாள். ஆறு நாளைக்குப் பிறகு பேசினாள்.

"மைனி, தேங்கா நீங்க. நூறு."

திருவினோம், அரைத்தோம், பிழிந்தோம். முதல் பால் தனியாக, இரண்டாம் பால் தனியாக, மூன்றாம் பால் தனியாக. மூன்றாம் பாலில் காய் வெந்தது. இரண்டாம் பாலில் பருப்பும் அரைத்த விழுதும் சேர்ந்தது. அப்புறம் அவள் மரவையை எடுத்தாள்.

ஏழு பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம். அண்ணாச்சியைப் போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார எங்களுக்குத் தெரியவில்லை. அவள் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு என்று பன்னிரண்டு வரைக்கும். அவசரமே இல்லை. பன்னிரண்டு தடவையும் கை ஒரே மாதிரி போய் ஒரே மாதிரி வந்தது. மரவையைத் திண்டில் வைத்தாள்.

பிறகு அண்டாவைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்தப் பழைய சனியன் அவள் காதில் போட்டாயா, போட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. கை மறுபடி மரவைப் பக்கம் ஒரு சாண் போனது. போட்டுவிட்டாய் என்று கத்த எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் ஒரு தடவை உதவி செய்தது போதும்.

உலகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ரேகைக்குள் உப்புக் கல் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நேராக என்னிடம் வந்து, அந்தக் கையை என் கன்னத்தில் வைத்து ஒரு தேய் தேய்த்தாள்.

"சாட்சி" என்றாள்.

கன்னம் எரிந்தது. எரியட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

முதல் பாலை ஊற்றும்போது எல்லோரும் அண்டாவைச் சுற்றி நின்றோம். முதல் பால் கொதிக்கக் கூடாது. கொதித்தால் திரிந்துபோகும், நூறு தேங்காயும் வாய்க்காலுக்குத்தான். அடுப்பில் விறகை இழுக்கச் சொல்லிவிட்டுக் காதை அண்டாப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டாள். ஓரத்தில் முதல் குமிழி வரும் முன்னால், "இறக்குங்க" என்றாள். நான்கு பேர் இறக்கினோம். பால் பாலாகவே இருந்தது. இவளோடு இருபத்திரண்டு வருடம் வெங்காயம் உரித்திருக்கிறேன். இவளுக்குக் காதிலும் ஒரு சமையல்காரி இருக்கிறாள் என்று இன்றுதான் தெரியும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சொதி என்றால் இஞ்சிப் பச்சடி வேண்டும். தேங்காய்ப் பால் வயிற்றில் கனக்காமல் இருக்க அதுதான் மருந்து. அது புளியில் கொதித்துக்கொண்டிருந்தது. உலகு மரவையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"மைனி, பச்சடிக்கு நீங்க போடுங்க."

"ஏட்டி, விளையாடாத. நீ போடு."

"ஒரு அண்டாவுக்கு ஒரு கை. சொதி என் கை. இது ஒங்க கை."

"எனக்கு வயிறு என்னமோ..."

"வலிக்கட்டும். வலிச்சிக்கிட்டே போடுங்க."

சுற்றி நின்ற பெண்களெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கையைச் சேலையில் துடைத்தேன். துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு மரவைக்குள் கையை விட்டேன். உப்பு ஜில்லென்று இருந்தது. ஒரு கை போட்டேன். என் கை தராசு இல்லை என்பதால் இரண்டாவதை அரைக் கையாக அள்ளி, கொஞ்சம் உதிர்த்து, போட்டேன்.

போட்டு முடித்து அவளைப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், எவ்வளவு என்றாவது கேட்பாள் என்று நின்றேன். அவள் மரவையை வாங்கிக்கொண்டு, "பச்சடிப் பக்கம் யாரும் வராதிய. மைனி போட்டுட்டாவ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அப்பளம் பொரிக்கப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அது எனக்குப் பந்தியைவிடப் பெரிய விஷயமாக இருந்தது.

பந்தியைப் பற்றி எழுத வேண்டும் என்றால், மாப்பிள்ளையின் அப்பா மூன்றாவது தடவை சொதி கேட்டார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சமையல்கட்டு வாசலுக்கே வந்து, "ஆவுடையப்பன் எங்க?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி வரல. இன்னைக்குச் சமையல் உலகம்மா" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"எந்த உலகம்மா?"

அவள் அப்பளச் சட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள். பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினேன். முந்நூறு பேருக்குச் சொதி வைத்தவளுக்கு ஒரு ஆளுக்கு வணக்கம் சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அண்ணாச்சி வந்தார். மரவையைத் திருப்பிக் கொடுக்க உலகு கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை. "எனக்குப் புதுசு ஒண்ணு குடையச் சொல்லியிருக்கேன். இது ஒன் கைக்குப் பழகிட்டு" என்றார். பங்குனியில் ஒரு மறுவீடு. பெண் வீட்டார் அவரைக் கூப்பிடவில்லையாம், "அந்த உலகம்மா வருவாளா" என்று கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மீசை துடித்தது.

உலகு மரவையோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது அண்ணாச்சி வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"முப்பிடாதி, வயித்து வலி எப்படி இருக்கு?"

"போயிட்டு அண்ணாச்சி" என்றேன். "ஒம்பது வருஷத்து வலி. முந்தாநாள் கொஞ்சம் இஞ்சிப் பச்சடி தின்னேன், கேட்டுட்டு."

சுவருக்கு அந்தப் பக்கம் உலகு சிரிக்கும் சத்தம் கேட்டது.